வெயிலோடு ஒத்துப்போகும் கோடை விடுமுறை: சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று மகள் புத்தகப் பையைக் கதவோரம் போட்டுவிட்டு, "மொத்தம் எத்தனை நாள் லீவும்மா?" என்று கேட்டாள். காலண்டரை எடுத்து இருவருமாக எண்ணினோம். 40 நாளுக்கு மேல் வந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு, இந்த 40 நாளையும் எப்படி நகர்த்தப்போகிறோம் என்ற யோசனை. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு மதுரையில்.

முதல் இரண்டு வருடம் நான் செய்தது, எங்கெல்லாம் போகலாம் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் பாதிகூட நடக்கவில்லை. நடந்ததும் அழுகையில்தான் முடிந்தது. நல்ல இடத்துக்குத்தான் போயிருப்போம், ஆனால் பகல் 12 மணிக்குப் போயிருப்போம். நம் ஊர்க் கோடையில் எங்கே போகிறோம் என்பதைவிட எந்தப் பொழுதில் போகிறோம் என்பதுதான் முக்கியம். இது புரிந்த பிறகு எங்கள் வீட்டு விடுமுறையே மாறிவிட்டது. 3 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து, நாங்கள் செய்துபார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: காலண்டரில் வெயிலைக் குறியுங்கள்

பள்ளி ஏப்ரலில் முடிந்து ஜூன் தொடக்கத்தில் திறக்கும். இடையில் கத்திரி வெயில், அதாவது அக்னி நட்சத்திரம், பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. இந்த 25 நாளையும் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வளைத்துவிடுங்கள். வெளியே சுற்ற வேண்டிய திட்டங்கள் எல்லாம் அதற்கு முன்னால், ஏப்ரலுக்குள். சிவப்பு வளையத்துக்குள் வீட்டுத் திண்ணை, மாடி நிழல், நூலகம், பாட்டி வீடு. மே கடைசியில் இரண்டு கோடை மழை பெய்தால் அது உபரி.

அடுத்து, தவிர்க்க முடியாத நாள்களைக் குறியுங்கள்: சொந்தக்காரர் கல்யாணம், ஊர்த் திருவிழா, காதுகுத்து, உங்களுக்கு அலுவலகத்தில் லீவு கிடைக்காத வாரம். மிச்சம் இருக்கும் கட்டங்கள்தான் உண்மையில் உங்கள் கையில் இருக்கும் விடுமுறை. அது நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை ஏப்ரல் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. இந்த வேலையைக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எங்கள் மகன் எழுத்துத் தெரியாதவன். பாட்டி ஊருக்குப் போகும் நாளில் ஒரு தென்னை மரமும், அத்தை வரும் நாளில் ஒரு பஸ்ஸும் வரைந்துவைத்தான். தினமும் காலையில் அதைப் போய்ப் பார்ப்பான்.

இரண்டாம் படி: நாளை மூன்றாகப் பிரியுங்கள்

காலை 6 முதல் 9 வரை வெளியே. காலை 10 முதல் மாலை 4 வரை கூரைக்குக் கீழே. மாலை 5 முதல் 7:30 வரை மறுபடியும் வெளியே. இவ்வளவுதான் சட்டம். இந்த மூன்று பொழுதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விஷயம் போதும், அதற்கு மேல் வைக்காதீர்கள். காலையில் சைக்கிள் என்றால் சைக்கிள் மட்டும். மாலையில் மாடியில் தண்ணீர் விளையாட்டு என்றால் அது மட்டும்.

இதில் காலைப் பொழுதுதான் தங்கம். விடுமுறைதானே, 9 மணி வரை தூங்கட்டும் என்று விட்டால் காலைப் பொழுது மொத்தமாகப் போய்விடும். அப்புறம் அடைத்துவைத்த வீட்டில் பகல் முழுக்கச் சண்டைதான். பள்ளி நாளில் எழும் நேரத்துக்கே எழுப்புங்கள். ஈடாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம். பெரிய பிள்ளைக்குத் தூக்கம் வராவிட்டால் பக்கத்தில் படுத்துக்கொண்டு படப் புத்தகம் புரட்டட்டும்.

மூன்றாம் படி: கோடை முழுக்க ஓடுகிற வேலை ஒன்று

தனித்தனி விளையாட்டுகள் அன்றன்றைக்கே மறந்துபோகும். நாலைந்து நாள் தொடர்ந்து செய்து, முடிவில் கையில் ஏதாவது வருகிற வேலைதான் குழந்தைகளின் மனதில் நிற்கிறது. எங்கள் வீட்டில் அது வடகம். வெயிலை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்கு எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முந்தின ராத்திரி ஒரு டம்ளர் ஜவ்வரிசியை ஊறவைக்க வேண்டும். அளந்து போடுவது மகன் வேலை. விடியற்காலையில் ஐந்து டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறிய ஜவ்வரிசியைப் போட்டு, கண்ணாடிபோல ஆகும் வரை கிண்டுவேன். அடுப்புப் பக்கம் குழந்தைகள் வரக் கூடாது, இதில் பேச்சே இல்லை. அரைத்த பச்சைமிளகாய், சீரகம், உப்பு, கடைசியில் எலுமிச்சைச் சாறு. உப்பைக் கொஞ்சம் கம்மியாகவே போடுங்கள், காய்ந்தால் தூக்கலாகத் தெரியும். கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மாடிக்குத் தூக்கிப்போவோம்.

அம்மாச்சி பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைப்பார். ஆளுக்கொரு கரண்டி. மகள் வரிசையாக, ஒரே அளவில், கோலப் புள்ளிபோல ஊற்றிக்கொண்டு போவாள். மகன் ஊற்றுவது ஒன்று பூசணிக்காய் அளவு, அடுத்தது பொட்டு அளவு. போன வருடம் அவன் ஊற்றிய ஒன்று ஒழுகி நீண்டு வால் முளைத்ததுபோல ஆகிவிட்டது. "இது என் பல்லி, இதை யாரும் பொரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான். திருத்தாதீர்கள். எல்லா வடகமும் எண்ணெயில் பொரியும்.

எட்டரைக்குள் கீழே இறங்கிவிடலாம். காக்காய்க்குக் காவலாக ஒரு கறுப்புக் குடையை விரித்துவைத்தால் போதும். சாயங்காலம் போய்த் தொட்டுப் பார்ப்பது, மறுநாள் வேட்டியைத் திருப்பிப்போட்டு அடியில் தண்ணீர் தெளித்து உரித்தெடுப்பது, அதற்கப்புறம் தாம்பாளத்தில் இன்னும் இரண்டு நாள் காயவைப்பது என்று நாலு நாள் ஓடும். உரிக்கிறபோது வருகிற அந்தச் சரக் சத்தத்துக்காகவே இரண்டு பேரும் போட்டி போடுவார்கள்.

மாடி இல்லாதவர்கள் வெந்தயக் கீரை வளர்க்கலாம். ராத்திரி ஊறவைத்த வெந்தயத்தை அகலமான தொட்டியில் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். மூன்று நாலு வாரத்தில் கிள்ளிச் சமைக்கலாம். காலை வெயில் மட்டும் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். கீரை சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளை, தான் தண்ணீர் ஊற்றிய கீரையைச் சாப்பிட்டுப் பார்க்கும்.

நான்காம் படி: நடுப்பகலுக்கு ஒரு டப்பா

10 மணியிலிருந்து 4 மணி வரைதான் பெற்றோருக்குச் சோதனை. "போரடிக்குதும்மா" என்ற குரல் வருவதற்கு முன்பே ஒரு பிஸ்கட் டப்பாவைத் தயார் செய்துவிடுங்கள். 20 துண்டுக் காகிதம், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. பழைய கல்யாணப் பத்திரிகையில் பொம்மை வெட்டுவது, வீட்டிலுள்ள வட்டமான சாமான்களை எல்லாம் எண்ணுவது, தாத்தாவிடம் அவருடைய பள்ளிக்கூடக் கதை ஒன்றைக் கேட்டு வருவது, எலுமிச்சைச் சாறு பிழிந்து எல்லோருக்கும் கொடுப்பது, போர்வையும் நாற்காலியும் வைத்துக் கூடாரம் கட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் படம் வரைந்து போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதான்.

பல்லாங்குழியை இந்த நேரத்துக்கு எடுத்துவையுங்கள். கட்டை இல்லையென்றால் முட்டை அட்டை இரண்டைச் சேர்த்து 14 குழி ஆக்கிக்கொள்ளலாம். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. ஒரு குழியில் உள்ளதை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், உங்கள் பாட்டி சொல்வதே சரியான விதி. ஒவ்வொன்றாகப் போடுவதிலேயே எண்ணும் பழக்கம் வந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பக்கத்தில் இருந்தால் புளியங்கொட்டையும் சோழியும் வேண்டாம், வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.

தாயமும் பரமபதமும் ஆறேழு வயதுக்கு மேல் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். டிவி, போன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழுக்கத் தடை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. மதியத் தூக்கத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று நேரம் குறித்தேன். குறித்த பிறகு கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை.

வாரத்தில் ஒரு நடுப்பகல் நூலகத்துக்கு. மதுரையில் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 முதல் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. குளுகுளுவென்று இருக்கும். 4 வயதுக்காரன் ஒரு புத்தகத்தையும் முழுசாகப் பார்க்க மாட்டான், பரவாயில்லை. ஒன்றரை மணி நேரத்தோடு கிளம்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: நிழல் காணாமல்போகும் நாளைத் தவறவிடாதீர்கள்

நடுப்பகலில் வெளியே போகக் கூடாது என்ற சட்டத்துக்கு நான் கொடுக்கும் ஒரே விலக்கு இது. வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக நம் தலைக்கு மேலே வந்து நிற்கும். அந்த ஒரு நிமிடம், நேராக நிற்கும் எந்தப் பொருளுக்கும் பக்கத்தில் நிழல் விழாது. முதல் நாள் ஏப்ரலில், விடுமுறையை ஒட்டியே வருகிறது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில், மதுரைக்கு 16 வாக்கில், சென்னைக்கு 24, 25 வாக்கில். தெற்கிலிருந்து வடக்கே ஒவ்வொரு ஊராக நகர்ந்து போகும். இரண்டாவது நாள் மதுரைக்கும் சென்னைக்கும் ஆகஸ்டில், அப்போது மேகம் மறைத்துவிடலாம்.

மதுரையில் பகல் 12:17 ஒட்டி, சென்னையில் 12:07 ஒட்டி. பத்து நிமிடம் முன்னால் மாடிக்குப் போய், ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சமதளத்தில் கவிழ்த்து வையுங்கள். அதன் நிழல் மெல்லச் சுருங்கி அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மகள் தன் காலடியைப் பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தாள். "என் நிழலை நானே மிதிச்சுட்டேன்" என்றாள். தொப்பியும் செருப்பும் கட்டாயம், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, முடிந்ததும் கீழே வந்து ஆளுக்கொரு டம்ளர் மோர்.

ஆறாம் படி: காலைக்கும் மாலைக்கும் பக்கத்து ஊரே போதும்

மாலையில் தெருவில் பாண்டி கட்டம் போட்டுக் கொடுங்கள். சில்லுக்கு உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைத் தேய்த்து வட்டமாக்கிக் கொடுத்தால் அது ஒரு வாரத்துக்கான பொக்கிஷம். ஒரு வாரம் விளையாடி முடித்த பிறகு கீழடிக்குக் கூட்டிப்போங்கள். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் வாக்கில்தான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அந்த ஊரில் நடந்த அகழாய்வில் சுடுமண்ணால் ஆன வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பகடைக்காயும் ஆட்டக்காய்களும்கூடக் கிடைத்தன. பானை, செங்கல் என்று நான் காட்டியதை எல்லாம் சும்மா தாண்டிப்போன மகள், சில்லுகளைப் பார்த்ததும் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். எந்த இடத்துக்குப் போவதாக இருந்தாலும் அதற்கு முந்தின வாரம் வீட்டிலேயே அதோடு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒன்றை விளையாடவிட்டுக் கூட்டிப்போங்கள். நான் இந்த வழிகாட்டியில் சொல்வதில் ரொம்பவும் பலன் கொடுத்தது இதுதான்.

சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வண்டலூருக்குக் கதவு திறக்கும் நேரத்துக்கே போய், வெயில் ஏறுமுன் வெளியே வந்துவிடுங்கள். எல்லா விலங்கையும் பார்த்துத் தீர வேண்டும் என்று இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். யானையும் வெள்ளைப் புலியும் பார்த்தால் சின்னவர்களுக்கு அன்றைய நாள் நிறைந்துவிடும்.

மதுரைக்குச் சித்திரைத் திருவிழா உண்டு. அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலைக் கூட்டத்துக்குள் 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அழகர் மலைக்குத் திரும்புகிற வழியில் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்றுதான் போவார். அங்கே பக்கத்தில் நின்று நிம்மதியாகப் பார்க்கலாம். எங்கே போனாலும் குழந்தையின் சட்டைக்குள் பக்கம் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள்.

ஏழாம் படி: வெளியூர் என்றால் ஒன்றே ஒன்று

ஒரு வருடம் மே இரண்டாம் வாரம், சனிக்கிழமை காலை, முன்யோசனை இல்லாமல் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். மலைப் பாதையில் கார்கள் நத்தைபோல ஊர்ந்தன. வளைவுகளில் மகன் மூன்று தடவை வாந்தி எடுத்தான். ஏரியைப் பார்ப்பதற்கு முன்பே திரும்பிவிடலாமா என்று தோன்றிவிட்டது. அதற்கப்புறம் மலைக்குப் போவதென்றால் ஏப்ரலில், வார நாளில், குறைந்தது இரண்டு ராத்திரி தங்குவதாக இருந்தால் மட்டும்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலை இல்லை. அறை போடுவதற்கு முன் அந்த வருட விதியைப் பார்த்துவிடுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு ஊரைவிட ரயில்தான் பெரிய விஷயம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தில் இப்போது ரயில் போகிறது. 1914இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டியது இது. புதுப் பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, கப்பல் வந்தால் லிஃப்ட்போல நேராக மேலே எழும். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கடல். ராமேசுவரத்தில் பகல் வெயில் கடுமை, அதனால் நடுப்பகலில் அறையில் ஓய்வு, மாலையில் கடற்கரை. 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட். முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன் திறக்கிறது, ஆகவே மார்ச்சிலேயே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எட்டாம் படி: வெயிலும் தண்ணீரும்

குழந்தைகள் தாகம் எடுத்தால்கூட விளையாட்டை விட்டுவிட்டு வந்து கேட்க மாட்டார்கள். வெளியே இருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நீங்களே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள். மோர், இளநீர், பானகம், நன்னாரி சர்பத் எல்லாம் நல்லதுதான், ஐஸ் கட்டி தேவையில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு வீட்டில் இருக்கட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நுங்கைச் சின்னவர்களுக்கு நறுக்கியே கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். திராட்சையும் அப்படித்தான், நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.

உடம்பு நெருப்பாகச் சுட்டு, குழந்தை சம்பந்தமில்லாமல் பேசினாலோ துவண்டு விழுந்தாலோ, உடனே நிழலுக்குத் தூக்கிப்போய்ச் சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்குப் போன் செய்யுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூடப் பிள்ளையை விட்டுப் போகாதீர்கள்.

தண்ணீர் விளையாட்டு மாலை 5 மணிக்கு மேல். காற்றடைத்த தொட்டியோ பெரிய அண்டாவோ போதும். ஆனால் தொட்டியில் பிள்ளை இருக்கும் வரை கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. தவழும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து. ஊருக்குப் போனால் முதல் வேலையாகக் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, கண்மாய் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடுங்கள். விளையாடி முடித்த தண்ணீரைக் குழந்தைகளே குவளை குவளையாக மொண்டு செடிகளுக்கு ஊற்றட்டும். மகனுக்கு விளையாட்டைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

ஒன்பதாம் படி: இரண்டு பேரும் வேலைக்குப் போனால்

எங்கள் தெருவில் மூன்று வீடு, நாத்தனார் வீட்டையும் சேர்த்தால் நாலு. வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவருக்கு அன்று ஒருவர் துணைக்குப் போவோம். சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில். பாட்டி தாத்தாவிடம் விட்டுப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: அவர்களுக்கும் மதியம் ஓய்வு வேண்டும். ஐந்து நாளும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

கோடை முகாமில் சேர்ப்பதாக இருந்தால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், கழிவறை எப்படி, குடிதண்ணீர் எங்கே, அழைத்துப்போக யார் வந்தால் அனுப்புவார்கள் என்று கேளுங்கள். காலை 10 மணிக்குள் முடிகிற முகாமே சின்னவர்களுக்கு நல்லது.

கடைசி வாரம்

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே படுக்கும் நேரத்தைத் தினம் ஒரு 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். சீருடை சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள், இரண்டு மாதத்தில் வளர்ந்திருப்பார்கள். ஒரு மாலை உட்கார்ந்து, அடுத்த வருடமும் செய்ய வேண்டியது எது, வேண்டவே வேண்டாதது எது என்று பிள்ளைகளையே கேட்டு, காலண்டரில் மே மாதத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அதைக் கிழித்து வடகம் இருக்கும் டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். எங்கள் டப்பாவில் மகனின் பல்லி இன்னும் பொரிக்காமல் இருக்கிறது.